பெட்டியின் அகமும் புறமும்

அகமும் புறமும் இன்னவை என இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் விளக்கிவரும் நாம், கணிப்பொறிப் பெட்டி ஒன்றை வாங்கப்போய்ப் புறத்தை மட்டுமே கண்டு ஏமாந்த கதையை இங்கே சொல்ல விழைகின்றோம்.

நம் துறைக்குக் கணிப்பொறி வாங்கியபோது உட்பாகங்களைக் கணிப்பொறித் துறையினர் தேர்ந்து தந்தனர். கடைக்காரர்கள் ‘கேபினட்’ என்றழைக்கும் பெட்டியை மட்டும் நாமே தேர்ந்தோம். முகப்பு முழுதும் கண்ணாடி. உள்ளே வண்ண விளக்குகள். வேறென்ன வேண்டும் என்றிருந்தோம்.

சித்திரை வெயில் விடை கூறிற்று. சீறாப்புராணத்திற்குச் சொல்லடைவு தொகுத்து வந்த மாணவியின் கண்முன்னே பொறி தானே அணைந்தது. சேமிக்கப்படாதிருந்த ஒரு முற்பகல் உழைப்பு மறைந்தது. பழுதுபார்க்க வந்தவர் நம் பழைய மாணவர். பக்கத் தகட்டை அவர் கழற்றுகையில் கூரிய விளிம்பு விரலைக் கீறிக் குருதி கசிந்தது. “ஐயா, இது மூச்சுவிட வழியில்லாத பெட்டி” என்றார். நாம் தலைகுனிந்தோம்.

அன்று அவர் ஆசிரியர்; நாம் மாணவர். முகப்பின் வலைக்கண் வழியே குளிர்ந்த காற்று நுழைந்து, பின்புறமும் மேற்புறமும் வெப்பக் காற்று வெளியேற வேண்டும். 120 மி.மீ. விசிறி, சிறு விசிறியினும் மெல்லச் சுழன்றே போதிய காற்றைத் தரும், இரைச்சலும் குறையும். தூசு வடிகட்டி கழற்றித் தூய்மை செய்யத் தக்கதாய் இருத்தல் நன்று. 0.5 மி.மீ. தகட்டினும் 0.8 மி.மீ. தகடு உறுதியானது, கையால் அழுத்தியே வேறுபாட்டை உணரலாம். விளிம்புகள் மடிக்கப்பட்டிருக்க வேண்டும். 1995-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏடிஎக்ஸ் முறைப்படி தாய்ப்பலகையின் அளவு 305 × 244 மி.மீ.; அதற்கேற்ற பெட்டியாயின், நாளை பலகையை மாற்றினும் பெட்டியை மாற்ற வேண்டுவதில்லை.

இப்போது நம் துறையில் இருப்பது வலைக்கண் முகப்புடைய எளிய கரும்பெட்டி. கண்ணைக் கவராது, கோடையிலும் அணைவதில்லை. அம்மாணவி தம் சொல்லடைவை மீண்டும் தட்டெழுதி முடித்துவிட்டார். நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே நம்மை இன்றும் வருத்துகின்றது.

மாணவச் செல்வங்களே! பிறர் உழைப்பைத் தாங்கப்போகும் எதனையும் தேரும்போது, அழகைப் பின்னர்க் காணுங்கள். முதலில் திறந்து பாருங்கள்.