கடலே மதிலாய் நின்ற தீபகற்பம்

ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவு மாநிலமாகிய டாஸ்மேனியாவுக்குச் செல்லும் வாய்ப்பு கிட்டுமானால், டாஸ்மன் தீபகற்பத்தைக் காணாமல் திரும்பாதீர்கள். ஹோபார்ட் நகரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம்.

அதன் வாசல், 100 மீட்டர் அகலங்கூட இல்லாத ஈகிள்ஹாக் நெக் என்னும் நிலத்துண்டு. அருகே கடற்கரைப் பாறை, தளக்கல் பதித்தாற்போல் கட்டங்கட்டமாய்ப் பிளவுண்டு கிடக்கிறது. மனிதர் கைபடாத வேலை அது. சற்றுத் தெற்கே, கடல் குடைந்த குகையின் கூரை இடிந்தபின் எஞ்சிய பாலமே டாஸ்மன் ஆர்ச். தென்கிழக்கு முனையாகிய கேப் பில்லரிலோ, டாலரைட் பாறைத் தூண்கள் கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் செங்குத்தாய் எழும்புகின்றன.

இந்த அழகே ஒருகாலத்தில் சிறைமதிலாயிருந்தது. 1830-இல் ஆங்கிலேயர் போர்ட் ஆர்தரில் கைதிகளைக் குடியேற்றினர். சுற்றிலும் கடல், தப்பும் ஒரே நிலவழியாகிய ஈகிள்ஹாக் நெக்கின் குறுக்கே சங்கிலியிட்ட நாய்களை வரிசையாய் நிறுத்தினர். 1834-இல் எதிர்க்கரையிலுள்ள பாயின்ட் பியூரில் சிறுவர்களுக்கென்றே தனிச்சிறை திறந்தனர். ஒன்பது வயதுப் பிள்ளைகளும் அங்கே அடைபட்டனர். 1877-இல் போர்ட் ஆர்தர் சிறை மூடப்பட்டது. 2010-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்றது.

ஆகவே, பாறைகளைப் படமெடுத்ததோடு திரும்பிவிடாமல், சிறை இடிபாடுகளுக்கு அரைநாளேனும் ஒதுக்குங்கள். செங்குத்துப் பாறைகளில் காற்று பலமாய் வீசும், தடுப்பைத் தாண்டாதீர்கள். பிள்ளைகளுடன் சென்றால், பாயின்ட் பியூரைச் சுட்டிக்காட்டி, அவர்கள் வயதுச் சிறுவர் அங்கே வாழ்ந்த விதத்தை எடுத்துச் சொல்லுங்கள்.