தொப்புளோரத் தையல்

லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்த மறுநாள் பலருக்கு வலது தோள் வலிக்கும். ஷட்டில் ஆடுகிறவர் பழைய தோள்வலி திரும்பிவிட்டதோ என்று கலங்கிப்போவார். தோளில் ஒன்றும் இல்லை. கருவிகள் நுழைய இடம் வேண்டி வயிற்றுக்குள் கரியமில வாயு செலுத்துகிறார்கள். அது உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால் வலி தோளில் தெரிகிறது. சில நாளில் அடங்கிவிடும். அதுவரை வீட்டுக்குள்ளேயே மெல்ல நடக்கலாம்.

*

பெரும்பாலும் நான்கு துளைகள். சில அரை சென்டிமீட்டர், சில ஒரு சென்டிமீட்டர். தொப்புளோரத் துளை வழியாகவே பல நேரம் பையை வெளியே எடுக்கிறார்கள்; பைக்குள் இருக்கும் கல் பெரிதென்றால் துளையை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்துவார்கள். ஆட்டக்காரர் கவனம் வைக்க வேண்டிய இடம் அதுதான். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். உள்ளே தசைகளைப் பிடித்துவைத்திருக்கும் கெட்டியான சவ்வுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஆறிவரும் திசு மூன்றாம் வாரத்தில் பழைய பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் பெற்றிருக்கும்; 80 விழுக்காட்டைத் தொட மூன்று மாதம் ஆகலாம் என்பது மருத்துவப் பாடநூல் கணக்கு. வலியோ அதற்கு வெகுமுன்பே போய்விடுகிறது. வலி இல்லை என்பதை நம்பிப் பாரம் தூக்கினால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம்.

*

“ஓட வேணாம்ணே, டபுள்ஸ்ல முன்னாடி நின்னு தட்டுங்க, போதும்.” கூட ஆடுகிறவர்கள் பாசத்தில் கூப்பிடுகிறார்கள். ஆனால் இறகுப்பந்து தலைக்கு மேல் உயர்ந்து வந்தால் ஆடிப் பழகிய உடம்பு யோசிக்காமல் எம்பிவிடும். ஸ்மாஷுக்கு முதுகு வளைகிறது, வயிறு விரிந்து அடுத்த நொடியே இறுகுகிறது. கோர்ட் பக்கமே போகாமல் இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

*

நடை, அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ. மெதுவோட்டம் இரண்டு மூன்று வாரம் கழித்து. நீச்சல், காயம் முழுக்க மூடிய பிறகு. கபடி, வேகப்பந்து, ஜிம்மில் பாரம்: நான்கிலிருந்து ஆறு வாரம், அதுவும் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு. காய்ச்சல், கண்ணில் மஞ்சள், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, தொப்புளருகே புடைப்பு என்று ஏதாவது வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

*

1985 செப்டம்பர் 12. ஜெர்மனியில் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பி முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். சக மருத்துவர்கள் அவரை எளிதில் ஏற்கவில்லை. இந்தியாவில் 1990, மும்பை ஜே.ஜே. மருத்துவமனை, டெஹெம்டன் உத்வாடியா. அதற்கு முன்னெல்லாம் வலது விலாவுக்குக் கீழே தசையை நீளமாக அறுத்தாக வேண்டும். மீண்டும் மைதானம் ஏறுவதற்குள் எத்தனை பேருடைய ஆட்டப் பருவம் போயிருக்கும்! அவர்களை நினைத்தால் ஆறு வாரம் பெரிதல்ல.

*

பித்தப்பை போன பிறகும் கல்லீரல் பித்தநீரை வழக்கம்போலச் சுரக்கிறது, நாளுக்கு அரை லிட்டருக்கும் மேல். சேர்த்துவைக்கும் பைதான் இல்லை. பித்தநீர் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் ஆரம்பத்தில் எண்ணெய்ப் பண்டம் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். ஆட்டத்துக்கு முன் நெய்ப்பொங்கலும் வடையும் வேண்டாம், இட்லி போதும். பை போனதால் மூச்சுக்கோ தெம்புக்கோ குறைவில்லை.

*

மறுபரிசோதனைக்குப் போகும்போது “எப்போது ஆடலாம்” என்பதோடு நிறுத்தக் கூடாது. பையை எந்தத் துளை வழியாக எடுத்தீர்கள், அதை அகலப்படுத்தினீர்களா, உள்சவ்வில் தையல் போட்டிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். என்ன ஆட்டம், எவ்வளவு பாரம் என்பதையும் சொல்ல வேண்டும். இடையில் திறந்த அறுவையாக மாற்றியிருந்தால் மேலே எழுதிய வாரக்கணக்கு எதுவும் பொருந்தாது.