ஓர் எழுத்துருவின் ஐம்பது வருடம்

ஆப்பிள் கணினியில் ‘ஸாப்ஃபினோ’ எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரையே ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். ஆறாவது எழுத்துவரை பெரிதாக ஒன்றும் நடக்காது. ஏழாவதை அடித்ததும் மொத்தச் சொல்லும் ஒன்றோடொன்று பின்னி, சுழித்தோடும் ஒரே கையெழுத்தாகிவிடும்.

இது யார் செய்த வேலை என்று தேடியபோது ஹெர்மன் ஸாப்ஃப் என்ற ஜெர்மானியர் அகப்பட்டார். பலட்டினோ, ஆப்டிமா எழுத்துருக்களை வரைந்தவர். ஸாப்ஃபினோ 1998-இல் லைனோடைப் நிறுவனத்தின் வெளியீடு. அப்போது அவர் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கணினிக்கென்றே வரைந்தது என்று அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய குறிப்புகள் என்னை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டு போயின.

நியூரம்பெர்க்காரர். மின்பொறியியல் படிக்க ஆசை. அப்பா தொழிற்சங்கக்காரர், நாஜிகளுக்கு ஆகாதவர். மகனுக்குப் படிக்க இடம் கிடைக்கவில்லை. இரண்டு புத்தகங்களை வாங்கிவைத்துக்கொண்டு அழகெழுத்தைத் தானே பழகினார். போரில் ராணுவ வரைபடக்காரராகப் பிரான்சின் போர்தோ நகரத்துக்குப் போய், ஸ்பெயினின் வரைபடங்களை வரைந்தார். ஒரு மில்லிமீட்டர் எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில்லாமல் எழுதுவாராம். 1944-இல் தன் நோட்டில் அவர் எழுதிய ஒரு பக்கம்தான் ஸாப்ஃபினோவின் பிறப்பிடம்.

பிறகு ஏன் ஐம்பது வருடம்? ஈயம் விடவில்லை. ஈய அச்சுக்கோப்பில் ஒவ்வோர் எழுத்தும் தன் கட்டைக்குள் அடங்கியாக வேண்டும். வெளியே நீளும் வால் ஒடிந்துபோகும். ஸ்டெம்பெல் வார்ப்பகத்துக்காக ‘விர்ச்சுவோசா’ என்ற கையெழுத்து வகையை வரைந்து பார்த்தார். அழகுதான், ஆனால் கையைக் கட்டிப்போட்டு எழுதியது போலிருக்கும்.

1993-இல் டேவிட் சீகல் என்ற இளம் அமெரிக்கர், எழுத்துகள் ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்படாமல் மாறிக்கொண்டே இருக்கும் எழுத்துருவொன்றைச் செய்யலாமா என்று கேட்டு அவருக்கு எழுதினார். பழைய நோட்டு நினைவுக்கு வந்தது. சீகல் பாதியில் விலகிக்கொண்டார், லைனோடைப் கைகொடுத்தது. ஓர் எழுத்துக்கே பல வடிவங்கள். பக்கத்தில் நிற்பது எது என்று பார்த்து, பொருத்தமானதை மென்பொருளே எடுத்துப் போடும். நாம் கையால் எழுதும்போதும் அடுத்த எழுத்தைப் பார்த்துத்தானே வாலை இழுக்கிறோம்!

பயன்படுத்துகிறவர்கள்தான் படுத்துகிறார்கள். பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், வாசனைத் திரவியப் புட்டியில் ஒரு சொல், கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயர் என்றால் கச்சிதமாக இருக்கும். முகூர்த்த நேரம், மண்டப முகவரி, ‘தங்கள் நல்வரவை நாடும்’ உறவுக்காரர் பட்டியல் என்று எல்லாவற்றையும் இதிலேயே அடித்தால், மேல்வரியின் வால் கீழ்வரியின் கொம்போடு மோதும். முழுக்கப் பெரிய எழுத்திலேயே அடித்துவிட்டாலோ மண்டபத்தின் பெயரை, கூட்டிப்போகிற ஓட்டுநரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.