சீட்டெண்ணிய மாலைகள்

சூதைப் பழிக்கும் நாமும், பிளாக்ஜாக் ஆட்டத்தை வெல்ல வழியுண்டென்று கணித அறிஞர் எட்வர்டு தோர்ப் 1962இல் நூலெழுதிக் காட்டியதை அறிந்து, பின்னாளில் எளிதாக்கப்பட்ட எண்ணும் முறையைப் பயிலலானோம். 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டல். பத்தோ, படச்சீட்டோ, ஏஸோ வந்தால் ஒன்று கழித்தல். 7, 8, 9 சேர்த்தியில்லை. தொகை ஏறினால் எஞ்சிய கட்டில் பெரிய சீட்டுகள் மிகுதி. அப்போதே பந்தயத்தை உயர்த்துவர். இத்தனை பாடுபட்டும் கிட்டும் சாதகம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றே. அதற்கே நெவாடாவின் சூதாட்ட விடுதிகள் எண்ணுவோரை வெளியேற்றிவிடும்!

52 சீட்டும் முடிகையில் கணக்குச் சுழியத்தில் நிற்கவேண்டும். நமக்கோ நாள்தோறும் தவறியது. ஒரு மாலை, கூட்டல் ஏழில் இருக்கையில் மகன் ஏதோ கேட்க வந்தான், கைகாட்டி நிறுத்தினோம். அன்று கணக்குச் சரியாக முடிந்தது. மகிழ்ந்து மேலும் மும்முறை எண்ணினோம். திரும்பியபோது அவன் பாயில் உறங்கியிருந்தான்.