பிள்ளையோடு பலாலி வழியாக

எங்கள் பிள்ளைகளுக்குச் சோதனை என்றால் பள்ளிக்கூடத்தில் எழுதும் சோதனை. எங்களுக்கோ அது வரிசை, பை திறத்தல், கேள்வி, காத்திருப்பு. வன்னியில் வளர்ந்த பெண்ணுக்குச் சீருடையைக் கண்டால் இன்றும் நெஞ்சு ஒருதரம் இறுகும். விமான நிலையமும் சோதனைகள் நிறைந்த இடம்தான். சிறு பிள்ளையோடு அதைக் கடப்பது எப்படி என்று, திருச்சிக்குப் போய்வந்த எனது அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

1990 இல் மன்னாரிலிருந்து படகேறிய எனது சின்னம்மா திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கிறார். அவருக்கு என் மூன்று வயது மகளைக் காட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. முன்பென்றால் முள்ளியவளையிலிருந்து கட்டுநாயக்கா வரை இரவிரவாகப் பஸ்ஸில் போகவேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட பலாலி விமானத் தளம் 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச் 30 இல் திருச்சிச் சேவையும் ஆரம்பமானது. நேர அட்டவணை மாறக்கூடும் என்பதால் ரிக்கற் எடுக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை பத்திரங்கள். தாயின் கடவுச்சீட்டில் பிள்ளையைச் சேர்க்கும் பழைய வழக்கம் இப்போது இல்லை. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு, தனி விசா வேண்டும். நாங்கள் வவுனியா அலுவலகத்தில் எடுத்தோம். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டிருக்கிறது. கடவுச்சீட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே விசாவிலும் ரிக்கற்றிலும் இருக்கவேண்டும். தகப்பன் பெயர் முதலில் வருவதால் எங்கள் பெயர்கள் இடம்மாறிப் பதியப்படுவதுண்டு. இரண்டு வயது முடிந்த பிள்ளைக்குத் தனி ஆசனம் எடுக்கவேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

நான் மகளோடு தனியாகவே சென்றேன். ஆதலால் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும், பிள்ளையைக் கூட்டிச்செல்லச் சம்மதம் என்று கணவர் எழுதிய கடிதத்தையும் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஒரு கை பிள்ளைக்கு, ஒரு கை பத்திரத்துக்கு. மூன்றாவது கை இல்லை என்பதை நினைத்துத்தான் சாமான் கட்டவேண்டும்.

இரண்டாவது வேலை, பிள்ளையை ஆயத்தப்படுத்துவது. முதல்நாள் வீட்டு மேசைக்குக் கீழே ஒரு சீலையைத் தொங்கவிட்டோம். பொம்மையை ஒரு பக்கத்தால் தள்ளினால் மறுபக்கத்தால் வரும். “பொம்மை குகைக்குள்ளாலை போகுது, அங்காலை வந்திடும்” என்று சொல்லிச் சொல்லி விளையாடினோம். ஒரு மாமி கையை விரிக்கச் சொல்லுவா, நாங்கள் குருவி மாதிரி விரிப்பம் என்றும் பழக்கினேன்.

வான் முல்லைத்தீவு தாண்டி வட்டுவாகல் பாலத்தில் ஏறியது. 2009 மே மாதம் நாங்கள் நடந்து கடந்த பாலம். மகள் யன்னலால் கொக்குகளை எண்ணிக்கொண்டு வந்தாள். புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன், பிறகு ஏ9 வீதி. 2002 இல் பாதை திறந்தபோது முகமாலையில் இறங்கி வரிசையில் நின்றது நினைவுக்கு வந்தது. அப்போது நான் சிறுமி. அங்கே நின்றவர்கள் என்ன கேட்டார்கள் என்பது மறந்துவிட்டது. என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகியதும் வேர்த்ததும் மறக்கவில்லை. பயத்தை நான் கற்றது அந்தக் கையிலிருந்துதான்.

அதனால் பலாலியில் பொதிகளை இயந்திரத்தில் வைக்கும் இடம் வந்தபோது முதலில் என் கையைத் தளர்த்தினேன். ஆழமாக மூச்சு விட்டேன். மகள் பொம்மையைக் கொடுக்க ஒருகணம் தயங்கினாள். பிறகு தானே வைத்துவிட்டு மறுபக்கம் பார்த்து நின்றாள். திரை மறைப்புக்குள் பெண் அலுவலர் ஒருவர்தான் எங்களைச் சோதித்தார். மகள் சொல்லாமலே குருவிபோல் கையை விரித்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. “அம்மா, இவை ஏன் எங்கட பையைப் பாக்கினம்?” என்று கேட்டாள். “எல்லாற்றை பையையும் பாப்பினம், குஞ்சு. பிளேன் பத்திரமாப் போகவேணும் எல்லே” என்றேன். அது உண்மையும்கூட. அன்று எங்களை மட்டும் சோதித்தார்கள். இங்கே வெள்ளைக்காரனும் வரிசையில்தான் நிற்கிறான். பெண்ணைப் பெண்தான் சோதிக்கவேண்டும். ஆண் அலுவலர் வந்தால், பெண் அலுவலரைக் கூப்பிடும்படி தயங்காமல் கேளுங்கள்.

கைப்பையில் நூறு மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவங்களை விடமாட்டார்கள். 2006 இல் இலண்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி வெளிப்பட்ட பிறகு வந்த விதி இது. ஆனால் பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தைப் பால், உணவு, மருந்து கொண்டுபோகலாம். அவற்றை வேறாக எடுத்துக் காட்டுங்கள். பால்மாவும் வெறும் போத்தலும் கொண்டுபோய், உள்ளே சுடுதண்ணீர் கேட்டு வாங்குவது இன்னும் சுலபம். ஒரு மாற்றுடுப்பு, பம்பேர்ஸ், பிஸ்கற், ஒரு சாரத்துண்டு போதும். மூன்று மணித்தியாலம் முந்திப் போய்விட்டால் பிள்ளையை அதட்டத் தேவை வராது.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறுவதால் காது அடைக்கும். சிறுவரின் காதுக்குழாய் ஒடுக்கமானது என்பதால் அவர்களுக்கு நோவு கூட. விழுங்கினால் அது திறந்துகொள்ளும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையென்றால் அந்நேரம் பால் கொடுங்கள். பெரிய பிள்ளைக்குத் தண்ணீரை மிடறு மிடறாகக் கொடுக்கலாம். இறங்கத் தொடங்குமுன் நித்திரையிலிருந்து எழுப்பிவிடுங்கள். தடிமனும் காதுநோவும் இருந்தால் முதலே வைத்தியரிடம் காட்டுங்கள்.

சின்னம்மா ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் நனைந்து கடந்த கடலை நாங்கள் ஒரு மணித்தியாலமளவில் கடந்துவிட்டோம். திருச்சியில் என் படத்தையும் கைரேகையையும் எடுத்தார்கள். இணையவழி விசாவில் வருவோருக்கு அது பொதுவான நடைமுறை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். எங்கே தங்குவீர்கள் என்ற கேள்விக்கு முகவரியை எழுதியே வைத்திருந்தேன்.

வெளியே சின்னம்மா நின்றார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அகதி என்ற பெயரோடு இருந்தவர். 2021 இல் அம்முகாம்களின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு மாற்றியது. பெயர் மாறினாலும் ஊர் நினைப்பு மாறவில்லை. “காட்டா விநாயகர் கோயில் கிணறு இருக்கோ?” என்பதுதான் அவரின் முதல் கேள்வி. மகளோ அவர் மடியில் ஏறி, பொம்மை குகைக்குள் போய் வந்த கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

சகோதரிகளே, பத்திரங்களை ஒழுங்குபடுத்த யாரும் உதவலாம். பிள்ளையின் கையைப் பிடித்திருப்பது நாங்கள்தான். எங்கள் கையில் உள்ள நடுக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்காமல் விடுவோம். அவர்களுக்குச் சோதனை என்றால் பள்ளிக்கூடச் சோதனையாகவே இருக்கட்டும்.