ஒத்த ஸ்டார் வாங்கின வீரன்!

பாஸ், உங்க ஹாஸ்டல்லயும் கண்டிப்பா ஒருத்தன் இருப்பான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, ''மச்சி, நாமளே ஒரு கேம் பண்ணலாம்டா!'' என்று ஆரம்பிப்பான். எங்க ரூமில் அந்த ஒருத்தன் நானேதான்!

2014. ஃபைனல் இயர். நானும் ரூம்மேட்டும் பிளான் போட்டோம். ஒரு முழு ஊரு, நூறு தெரு, அஞ்சு ஹீரோ, வில்லனுக்கு சோகமான ஃப்ளாஷ்பேக்... நோட்டுல நாற்பது பக்கம் கதையே எழுதிட்டேன். கம்ப்யூட்டரில் ஹீரோ ஓர் அடி எடுத்து வெச்சாரா என்றால், ம்ஹூம்!

ரூம்மேட் கொஞ்சம் சைலன்ட் பார்ட்டி. ஒரு வாரம் சத்தமே இல்லாம எதையோ தட்டிட்டு, ஒருநாள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். திரையில் ஒரு ஆடு. சுவத்துல இருக்கிற சினிமா போஸ்டரைக் கிழிச்சுத் தின்னணும். பசை வாளியோட ஒருத்தர் துரத்துவார். மாட்டினா அவுட். அவ்வளவுதான் கேம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ''இதை எவன்டா விளையாடுவான்?''

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவனும் சிரிச்சான். லேப்டாப்பை மூடினான். அதுக்கப்புறம் கேம் பேச்சையே அவன் எடுக்கலை. என் நோட்டும் பரணுக்குப் போச்சு.

நாங்க இப்படிக் கோட்டை கட்டிட்டிருந்த அதே சமயத்தில், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு என்கிற ஊரில் ரெண்டு பேர் எங்க ஆட்டைவிட மொக்கையா ஒரு கேமைப் பண்ணி முடிச்சிருந்தாங்க. அது எனக்குப் பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

ஆரி கிப்சன், வில்லியம் பெல்லன். 2013 ஆகஸ்ட்டில் 'லூடம் டாரே' என்ற கேம் ஜாமில் கலந்துக்கிட்டாங்க. நம்ம கல்ச்சுரல்ஸ்ல தலைப்பு கொடுத்த கையோட மேடை ஏத்துவாங்களே ஆட்ஸாப், கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் கேம் ஜாம். தலைப்பு வந்ததும் ரெண்டு மூணு நாளுக்குள்ள ஒரு முழு கேமைச் செஞ்சு முடிக்கணும். அந்தத் தடவை தலைப்பு, '10 விநாடி'. இவங்க செஞ்சது 'ஹங்ரி நைட்'. பசியில் செத்துடாம இருக்க, பூச்சிகளை அடிச்சுக்கிட்டே இருக்கணும் ஒரு குட்டி வீரன். அதுக்குக் கிடைச்ச ரேட்டிங்? அஞ்சுக்கு ஒத்த ஸ்டார்!

அடுத்து 'மேற்பரப்புக்குக் கீழே' என்ற தலைப்பில் இன்னொரு ஜாம். இதுல டெட்லைனையே கோட்டை விட்டாங்க. அசைன்மென்ட் விஷயத்தில் நமக்குத் தெரியாததா!

ஆனா, அந்தக் குட்டி வீரனை அவங்க தூக்கிப் போடலை. தோத்துப்போன ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டாங்க. மண்ணுக்கடியில் பாழடைஞ்சு கிடக்கிற ஒரு பழைய ராஜ்ஜியம், அங்கே பூச்சிகள்தான் குடிமக்கள், நடுவுல நம்ம குட்டி வீரன். 'ஹாலோ நைட்' பிறந்தது இப்படித்தான். ஸ்டுடியோ பேரு, 'டீம் செர்ரி'. 2014 கடைசியில் 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தில் ரசிகர்கள்கிட்டயே காசு கேட்டாங்க. இலக்கு 35,000 ஆஸ்திரேலிய டாலர். வந்தது 57,000-க்கு மேல. பெரிய கம்பெனிகளுக்கு அதெல்லாம் டீ செலவு.

அந்தக் காசை வெச்சு எப்படி வேலை பார்த்தாங்க என்பதுதான் சூப்பர். பாத்திரங்கள் எல்லாம் கையால வரைஞ்ச படங்கள். நாடக மேடையில் படுதாக்களை முன்னும் பின்னுமா தொங்கவிடுவாங்க இல்லையா? அதே மாதிரி தட்டைப் படங்களை 'யூனிட்டி' சாஃப்ட்வேரில் அடுக்கடுக்கா நிறுத்தினாங்க. வீரன் நடந்தா குகைக்கு ஆழம் வந்துடுது. எந்தப் பூச்சி எப்போ பாயணும், எப்போ பதுங்கணும் என்பதை 'ப்ளேமேக்கர்' என்ற டூலில் கட்டம், அம்புக்குறி போட்டே அமைச்சாங்க. இசைக்கு கிறிஸ்டோபர் லார்கின். 2017 பிப்ரவரி 24-ல் ரிலீஸ். இதுவரை 1.5 கோடிப் பிரதிகளுக்கு மேல வித்தாச்சு!

காசு திரட்டினப்போ, 'இலக்கைத் தாண்டினா ஹார்னெட் என்ற பாத்திரத்தையும் விளையாடத் தர்றோம்'னு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாங்க. அது வளர்ந்து வளர்ந்து, 2019-ல் 'சில்க்சாங்' என்ற தனி கேமா அறிவிப்பாச்சு. அப்புறம் ஆறரை வருஷக் காத்திருப்பு. 2025 செப்டம்பர் 4, நம்ம நேரம் சாயங்காலம் ஏழரை மணிக்கு ரிலீஸ். கூட்டம் தாங்காம ஆன்லைன் கடைகளே திணறிப்போச்சு. 'ஸ்டீம்' தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சத்துக்கும் மேல ஆளுங்க விளையாடினாங்க.

நானும் அன்னிக்கு வட்டம் சுத்துறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கிற நேரத்தில் இவங்க பழைய கதையைப் படிச்சேன். 'ஒத்த ஸ்டார்' என்ற இடத்தில் அப்படியே நின்னுட்டேன். கண்ணு முன்னாடி ஆடு!

உடனே ரூம்மேட்டுக்கு போன் போட்டேன். ''மச்சி, அந்த ஆடு கேம் இருக்காடா?''

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ''பழைய ஹார்டு டிஸ்க் போனப்பவே போச்சுடா. அன்னிக்கு ரெண்டாவது லெவலும் முடிச்சு வெச்சிருந்தேன். நீ அப்படிக் கேட்டதும் காட்டலை.''

பதினோரு வருஷம் பாஸ்! எனக்கு அந்த ரெண்டாவது லெவல் தெரியவே தெரியாது.

அதனால உங்ககிட்ட ரெண்டே ரெண்டு ரிக்வெஸ்ட். உங்க நாற்பது பக்க நோட்டைக் கொஞ்சம் ஓரமா வைங்க. 'கோடாட்' மாதிரி டூல் எல்லாம் ஃப்ரீயாவே கிடைக்குது. ஒரு பாத்திரம், ஒரு வேலை, ஒரு சனி ஞாயிறு. மொக்கையா வந்தாலும் பரவாயில்லை, முடிச்சிடுங்க. ரெண்டாவது, உங்க ரூம்மேட் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினா, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அவுட் ஆகிற வரைக்கும் விளையாடிப் பாருங்க. அப்புறம் கேளுங்க, ''அடுத்த லெவல் எங்கேடா?''

நாங்க? இந்த ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுல உட்கார்றோம். ஆட்டை முதல்ல இருந்து வரையணும். போஸ்டர் மட்டும் என் பொறுப்பு.

ஒத்த ஸ்டார் கொடுங்க, வாங்கிக்கிறோம்!