சிவனொளிபாதத்துக் காற்று

சிவனொளிபாத மலைக்கு உந்துவப் பௌர்ணமி முதல் வெசாக் வரைதான் யாத்திரைக் காலம். அந்தக் கணக்கில் காற்றுக்கும் பங்குண்டு என்பது, மே மாதத் தொடக்கத்தில் எங்கள் மகளிர் சங்கத்தாருடன் நல்லதண்ணிக்குப் போனபோதுதான் எனக்கு விளங்கியது.

மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மணிக்கு 50 கிலோமீற்றர் வரை காற்று வீசலாம் என்று மாலையில் வானொலி அறிவித்தது. அடிவாரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் உச்சி 2,243 மீற்றர் உயரம்; தென்மேற்குக் காற்றை மறிக்க அங்கே எதுவுமில்லை. யப்பானியர் கட்டிய சமாதானத் தாதுகோபுரத்தடியில் எல்லோரையும் நிறுத்தினேன்.

"சாமி மலைக்கு வந்து பாதியில திரும்பலாமா மிஸ்?" என்றார் எழுபது வயதுப் பாட்டி. மறுமுறை வர அவருடைய முழங்கால் இடங்கொடுக்குமா? என்னிடம் பதில் இருக்கவில்லை.

நள்ளிரவுக்குப் பின் சிலர் நடுங்கியபடி இறங்கி வந்தார்கள். மழைக்குப் போர்த்திய பொலித்தீன் பாய்போல விரிந்து ஆளையே இழுத்ததாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே குந்தியிருந்தார்களாம். பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சமாதானம் வரவில்லை.

வருகிற மாசியில் மறுபடி போகிறோம். புறப்படுமுன் வானிலை அறிவித்தலைக் கேட்டுச் சொல்லும் வேலையைப் பாட்டி தானே கேட்டு வாங்கியிருக்கிறார்.